வாசலைப் பார்த்த விமானம்

என் ஒரிஜினல் சர்டிபிகேட்டை ஒரு இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அதை வெளியே எடுக்க நான் ஒரு விமானம் வரைந்தேன். நடந்தது இவ்வளவுதான். இப்போது எழுத உட்கார்ந்தாலும் கோபம்தான் முதலில் வருகிறது. அதனால் அழகாகச் சொல்ல வராது. உள்ளபடி சொல்கிறேன்.

திண்டுக்கல்லில் பழனி ரோட்டில் ஒரு தனியார் பள்ளிக்கூடம். அதில் நான் டிராயிங் மிஸ்ஸாக இருந்தேன். வேலையில் சேர்ந்த அன்றைக்கு ஒரிஜினல் எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்தார்கள். சரிபார்த்துவிட்டுத் தருகிறோம் என்றார்கள். சரிபார்ப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? பத்தாவது, பன்னிரண்டாவது, டிராயிங் ஹையர் கிரேடு, டீச்சர் டிரெயினிங். ஐந்து நிமிட வேலை. ஆனால் எல்லாம் இருந்த கவர் பீரோவுக்குள் போய்விட்டது. எனக்கு மட்டும் இல்லை, அங்கே இருந்த எல்லா மிஸ்களுக்கும் அதே கதைதான். எங்கள் பக்கத்தில் நிறையப் பள்ளிக்கூடங்களில் இது வழக்கம். ஆள் ஓடிவிடாமல் இருக்க மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுவதைப் போல டீச்சருக்கு இது.

கேட்டால் கிடைக்கும் பதில்களை நான் மனப்பாடமாகச் சொல்வேன். வருஷ நடுவில் கேட்டால், "பரீச்சை முடியட்டும்." பரீச்சை முடிந்து கேட்டால், "அட்மிஷன் முடியட்டும்." அட்மிஷன் முடிந்து கேட்டால், "வருஷம் ஆரம்பிச்சிருச்சேம்மா, இப்ப வந்து கேக்குற." போலீசில் எழுதிக் கொடுக்கலாமே என்று வெளியாட்கள் சொல்வார்கள். எழுதிக் கொடுத்தவளை அப்புறம் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள்? பள்ளிக்கூடம் நடத்துகிற இந்தக் கரஸ்பாண்டன்ட்டுகள் எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் போனில் பேசிக்கொள்கிறவர்கள்.

எனக்கு அந்தக் கவர் ஏன் அவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது என்றால், என் வீட்டுக்காரருக்குப் பழனியில் ஒரு லாட்ஜில் மேனேஜர் வேலை. தைப்பூசம், பங்குனி உத்திரம், கார்த்திகை என்று ஊருக்கெல்லாம் விசேஷம் வரும்போது அவருக்கு லீவு கிடையாது. வாரத்தில் ஒரு நாள் வருவார். வந்து தூங்குவார், போய்விடுவார். மகள் ஏழாவது முடிக்கப்போகிற வயதில் அப்பாவை ஒரு விருந்தாளியைப் போலத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வந்தால் நல்ல தட்டை எடுத்து வைப்பாள். அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் பழனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மிஸ் வேண்டும் என்றார்கள். போய்ப் பேசினேன். பிடித்துப்போயிற்று. பள்ளி திறப்பதற்குள் ஒரிஜினலோடு வந்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் அடிவாரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வீடும் பார்த்துவிட்டார்.

பரீச்சை முடிந்ததும் கரஸ்பாண்டன்ட் முன்னால் போய் நின்றேன்.

"சார், என் சர்டிபிகேட் வேணும்."

"இரும்மா. நானே உன்னக் கூப்புடணும்னு இருந்தேன். உனக்கு ஏரோப்பிளேன் தெரியுமா?"

"வரையத் தெரியும் சார்."

"அதத்தான் கேட்டேன். ஓட்டத் தெரியுமான்னா கேட்டேன்."

அவர் பக்கத்தில் நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். வாஸ்து பார்க்கிறவர். எங்களுக்கு எதிரே ஒரு பள்ளிக்கூடம் புதிதாக வந்ததிலிருந்து அட்மிஷன் குறைந்துகொண்டே போனது. அதற்குக் காரணம் கண்டுபிடிக்க இவரைக் கூட்டி வந்திருந்தார்கள். வரவேற்பு ஹாலில் வடக்குச் சுவர் மொட்டையாக இருப்பதுதான் காரணம் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். அந்தச் சுவரில் பறக்கிற பொருள் ஒன்று இருக்க வேண்டும். கையால் வரைந்ததாக இருக்க வேண்டும். அதன் மூஞ்சி பள்ளிக்கூடத்துக்கு உள்ளே பார்த்து இருக்க வேண்டும். கப்பல் படம், குதிரைப் படம் எல்லாம் வீட்டுக்குள்ளே வருகிற மாதிரிப் பார்த்து மாட்டுவார்களே, அதே கணக்கு. வாசலைப் பார்த்து மாட்டினால் வருவது எல்லாம் வெளியே போய்விடுமாம்.

கரஸ்பாண்டன்ட் போனை நீட்டினார். யாரோ அனுப்பிய படம். மனிதன் முதல் முதலாகப் பறக்க ஆரம்பித்த காலத்து விமானம். வெள்ளைத் தாளில் கறுப்பு இங்க் மட்டும். சாம்பல் நிறம், நிழல், எதுவும் இல்லை. கறுப்பு என்றால் முழுக் கறுப்பு, இல்லையென்றால் வெள்ளை. கோடு எல்லாம் தடிதடியாக, வெட்டி வைத்ததைப் போல இருந்தது. அவரிடம் போய் நல்ல படம் ஒன்று மாட்டியிருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம்.

"கலர் வேணாமா சார்?"

"கலர்ல எதுத்த ஸ்கூல்காரன் சுவத்துல ராக்கெட் வரைஞ்சு விட்டுருக்கான். நாம கறுப்பு. பாக்குறவன் அப்படியே நிக்கணும்."

"வரைஞ்சு முடிச்சா சர்டிபிகேட்டக் குடுத்துருவீங்களா?"

"குடுக்காம நான் என்ன, அத வச்சு ஊறுகாயா போடப்போறேன்? முதல்ல வரை."

வாஸ்துக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மே மாசம் முழுக்க அந்த ஹாலில்தான் கிடந்தேன். ஒரு முழு பிளைவுட் பலகையை வாங்கி, வெள்ளைத் தாள் ஒட்டி, சுவரில் சாத்தி வைத்துக் கொடுத்தார்கள். லீவு நாள் என்பதால் ஃபேன் போடக் கூடாது என்று ஆபீசில் உத்தரவு. போட்டாலும் பலகை ஆடும். நாய் வருகிறது என்று வாட்ச்மேன் காலையில் நான் உள்ளே போனதும் கேட்டைப் பூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். வெளியே வர வேண்டுமென்றால் அவருக்குப் போன் பண்ண வேண்டும். அவர் எடுக்க மாட்டார். கேட் கம்பிக்கு அந்தப் பக்கம் பழனி பஸ் ஒவ்வொன்றாகப் போகும். நிலக்கோட்டைப் பூ மூட்டை ஏற்றிய வேன் போனால் மல்லிகை வாசம் மட்டும் உள்ளே வரும். மகளுக்குக் காலையிலேயே சோறு வடித்து வைத்துவிட்டு வந்திருப்பேன். நான் கேட்டுக்கு உள்ளே. அவள் ஒரு வீட்டுக்கு உள்ளே. அவர் பழனியில் ஒரு லாட்ஜ் கவுண்டருக்கு உள்ளே.

படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கட்டம் போட்டுப் பென்சிலில் பெரிதாக்கினேன். மேலே ஒரு றெக்கை, கீழே ஒரு றெக்கை. இரண்டுக்கும் நடுவில் குச்சி குச்சியாகக் கால்கள். காலுக்குக் கால் குறுக்கே இழுத்துக் கட்டிய கம்பிகள். இன்றைக்கு நாம் பார்க்கிற விமானத்தைப் போல உடம்பு ஒன்று அதற்குக் கிடையாது. துணியும் குச்சியும் கம்பியும்தான். இடது பக்கம் காற்றைத் தள்ளுகிற பெரிய விசிறி, வலது பக்கம் வால் மாதிரி இரண்டு சின்னப் பலகைகள். நடுவில் ஒரு ஆள் உட்காரச் சின்னதாக ஒரு இருக்கை. ஆள் இல்லை. றெக்கைக்கு அடிப்பக்கம் முழுவதும் கறுப்பை நிரப்பினேன். இருக்கிற இங்க் பாட்டிலெல்லாம் அதிலேயே தீர்ந்தது. கம்பிகளுக்கு இரும்பு ஸ்கேலை வைத்து ஒரே இழுப்பு. நடுவில் கை நின்றால் கோடு தடித்துவிடும். வேர்வை சொட்டினால் இங்க் பரவும். நெற்றியில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வரைந்தேன்.

கூட்டிப் பெருக்க வருகிற ஆயாம்மா பக்கத்தில் வந்து நின்று பார்ப்பார்.

"என்ன மிஸ்ஸு, கயித்துக் கட்டில் பறக்குற மாதிரி இருக்கு."

"பிளேன் ஆயாம்மா. அந்தக் காலத்துப் பிளேன்."

"இதுல எப்படிப் போவாக? புடிச்சுக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லையே."

"அவுக போனாக. நமக்குப் பஸ்ஸுல போகவே வழியக் காணோம்."

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னபோது அவர் வேறு மாதிரி கேட்டார். "ஏரோப்பிளேன முடிச்சுட்டு அதுலயே வந்து எறங்கிருவியா? லாட்ஜு மொட்டமாடியக் கூட்டி வைக்கச் சொல்லவா?" எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. போனை வைத்துவிட்டேன்.

பாதி வரைந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்த இருக்கை விசிறிக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. விசிறி இருந்தது இடது பக்கம். இருக்கை பார்ப்பது வலது பக்கம். அப்படியானால் உட்காருகிறவன் விசிறியைப் பார்க்க மாட்டான். வீட்டுக்குப் போய்ப் போனில் தேடினேன். பழைய விமானம் பறக்கிற வீடியோ ஒன்று கிடைத்தது. சந்தேகமே இல்லை. அந்தக் காலத்தில் சில விமானங்களுக்கு விசிறி பின்னால் இருந்து தள்ளும். வால் மாதிரித் தெரிகிற இரண்டு சின்னப் பலகைகள்தான் அதற்கு முன்பக்கம்.

படத்தைப் பார்த்து நின்றால் வலது பக்கம் வாசல், இடது பக்கம் வகுப்பறை. கரஸ்பாண்டன்ட் விசிறியைப் பார்த்து, அது இடது பக்கம், அதாவது உள்ளே போகிறது என்று நினைத்திருந்தார். உண்மையில் அது வாசலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் அவர் பார்க்க வந்தபோது சொன்னேன். மறைக்கவில்லை.

"சார், இது போற தெசை நீங்க நெனைக்கிற தெசை இல்ல. விசிறி இதுக்குப் பின்னாடி."

"ஏம்மா, நான் சிங்கப்பூருக்கு எத்தன தடவ போய்ட்டு வந்தவன். எனக்கே பிளேன் சொல்லித் தர்றியா? காத்தாடி எங்க இருக்கோ அதான் மூஞ்சி."

"இல்ல சார், இந்த வீடியோவ மட்டும்..."

"உன் வேல என்ன? வரையிறது. வரை."

வரைந்தேன். அதற்கு மேல் அவரோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லை. சர்டிபிகேட் வந்தால் போதும் என்று இருந்தேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அது நல்ல படம். நான் வரைந்ததிலேயே நல்ல படம். இத்தனை வருஷம் நான் வரைந்ததெல்லாம் ஆண்டு விழாவுக்குத் தாமரை, சுதந்திர தினத்துக்குப் புறா, பிள்ளைகள் நோட்டில் மாம்பழம். இது அப்படி இல்லை. பலகையை நிமிர்த்தி மாட்டியபோது அந்தக் கறுப்பு ஹாலையே பிடித்துக்கொண்டது. வாட்ச்மேன் கூட வாயைத் திறந்து பார்த்தார்.

தேங்காய் உடைத்தார்கள். சூடம் காட்டினார்கள். எதிர்ச் சுவரில் மாலையோடு இருந்த கரஸ்பாண்டன்ட்டின் அப்பா படத்துக்கும் காட்டினார்கள். நான் கண்ணாடி வழியாக ஆபீஸ் பீரோவைப் பார்த்தேன்.

"அட்மிஷன் நடந்துக்கிட்டு இருக்கும்மா. இப்பப் போயி பீரோவத் தொறக்கச் சொல்ற."

அட்மிஷன் நடந்தது. நன்றாகவே நடந்தது. எதிர்ப் பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் பீஸை ஏற்றிவிட்டார்கள், வேன் பீஸையும் சேர்த்து ஏற்றிவிட்டார்கள். ஜனங்கள் ரோட்டைத் தாண்டி இங்கே வந்தார்கள். இது ஆயாம்மாவுக்குத் தெரியும், வேன் டிரைவருக்குத் தெரியும். கரஸ்பாண்டன்ட்டுக்கு மட்டும் வேறு ஒன்று தெரிந்தது.

ஆபீசில் என்னைக் கூப்பிட்டு லட்டு கொடுத்தார். "உன் கை ராசியான கைம்மா. நீ வரைஞ்சு மாட்டுன நாள்ல இருந்து கூட்டத்தப் பாரு."

"சந்தோசம் சார். சர்டிபிகேட்..."

"ராசியான கைய வெளிய அனுப்புவாங்களா? எவனாச்சும் அனுப்புவானா? நீ இங்கேயே இரு. அடுத்த வருஷம் மாடியில ஒண்ணு வரையிறோம்."

லட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். வேலை சரியில்லை என்றிருந்தால் சரி, அனுப்பிவிடுங்கள் என்றிருப்பேன். பாராட்டிப் பூட்டுகிறவனிடம் என்ன பேசுவது? அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே போனேன். லட்டை ஒரு நாய்க்குப் போட்டேன்.

பழனியிலிருந்து போன் வந்தது. அங்கே ஆபீஸ் பார்க்கிறவர் மரியாதையாகத்தான் பேசினார். "ஏனுங்க மேடம், வர்றீங்களா இல்லீங்களா? திங்கக்கிழமை ஸ்கூல் தொறக்குதுங்க. ஒரிஜினல் இல்லாம எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுங்க." வீட்டுக்காரர் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். மகள் அவளுடைய புத்தகங்களை அட்டைப்பெட்டியில் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை நேராக ஆபீசுக்குள் போனேன். உட்காரச் சொல்லவில்லை, உட்கார்ந்தேன். போனில் அந்த வீடியோவைப் போட்டு கரஸ்பாண்டன்ட் மூஞ்சிக்கு நேரே வைத்தேன்.

அவர் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"இது ரிவர்ஸ்ல ஓடுது," என்றார்.

"ரிவர்ஸ்ல யாரு சார் ஆகாசத்துல ஏறுவா? உங்க ஹால்ல இருக்குற பிளேன் வாசலப் பாத்துத்தான் போகுது. நான் அன்னைக்கே சொன்னேன். உங்க காதுல ஏறல."

அவர் எழுந்து ஹாலுக்குப் போய்ப் படத்தையும் வாசலையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு வந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. "அப்ப அட்மிஷன் எப்படி வந்துச்சு?"

"எதுத்த ஸ்கூல்ல பீஸ் ஏத்துனதால வந்துச்சு. என் கையில ராசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சர்டிபிகேட்டக் குடுங்க, நான் போறேன்."

இதைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். நான் அவரைக் குறைவாக மதிப்பிட்டுவிட்டேன். அவர் வாஸ்துக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். விஷயத்தைக் கேட்ட வாஸ்துக்காரர் கொஞ்சமும் அசரவில்லை.

"யாரு வரைஞ்சாங்களோ அவங்க கையாலயே திருப்பணும். அதுக்கு முன்ன அவங்க வெளிய போயிறப்படாது. போனா எல்லாம் அவங்க பின்னாடியே போயிரும்."

"வரைஞ்ச பிளேன எப்படிங்க திருப்புறது?" இது நான்.

"பிளேன ஒண்ணும் செய்ய வேணாம்மா. ஓட்டுறவன் இருக்கானா அதுல?"

"இல்ல."

"ஒரு ஆள உக்கார வைங்க. உள்ளாறப் பாத்த மாதிரி. ஓட்டுறவன் எங்க பாக்குறானோ அங்கதான வண்டி போகும்."

கரஸ்பாண்டன்ட் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. "அம்புட்டுத்தான் விஷயம். ஒரு ஆளு. செத்த நேர வேல உனக்கு."

அந்த இருக்கை வலது பக்கம் பார்க்கிறது. அதில் ஒருவன் இடது பக்கம் பார்த்து உட்கார வேண்டுமென்றால், இருக்கையின் முதுகில் நெஞ்சைச் சாத்தி, காலைப் பரப்பிக்கொண்டு, தலைமாட்டில் சுற்றும் விசிறிக்கு மூஞ்சியைக் கொடுத்து உட்கார வேண்டும். பைத்தியக்காரன் கூட அப்படி உட்கார மாட்டான். இதை நான் சொன்னேன். அவருக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

"சரி," என்றேன். "சர்டிபிகேட்ட எடுத்து இந்த டேபிள் மேல வைங்க. எல்லாத்தையும். நான் எண்ணிப் பாப்பேன். அது டேபிள்ல இருந்தா வரைவேன். இல்லாட்டி இன்னைக்கு அட்மிஷனுக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் ஹால்ல நின்னு சொல்லுவேன், இந்த ஸ்கூல் பிளேன் வெளிய போற பிளேனுன்னு."

"மெரட்டுறியா?"

"ஆமா."

ஹாலில் அந்த நேரத்தில் இரண்டு குடும்பம் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தது. அவர் அவர்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பிறகு பீரோச் சாவியை எடுத்தார்.

கவரில் எல்லாம் இருந்தது. ஓரம் மஞ்சள் பூத்து, பாச்சை உருண்டை வாசம் அடித்தது. அதை மேஜை மேல், நான் ஹாலில் இருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் வைக்கச் சொன்னேன். பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன்.

அங்கேதான் எனக்குக் கை வரவில்லை. என் படம் அது. ஒரு கோடு கூடப் பிசகாமல் வந்த படம். அதில் என் கையாலேயே ஒரு கோமாளியை உட்கார வைக்க வேண்டும். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பிள்ளையிடம், "மிஸ்ஸு எவ்வளவு அழகா வரையிறாங்க பாரு," என்றாள். திரும்பி மேஜையைப் பார்த்தேன். கவர் அங்கேயே இருந்தது. வரைந்தேன். ஒரு தொப்பி, ஒரு முதுகு, இரண்டு கால். முகத்தை முழுக் கறுப்பாக அப்பிவிட்டேன். மீசை வை என்றார் கரஸ்பாண்டன்ட். கறுப்புக்குள்ளே மீசை இருக்கிறது சார் என்றேன்.

ஸ்டூலில் இருந்து இறங்கி, கையைக் கூடக் கழுவாமல் கவரை எடுத்தேன். என் பெருவிரல் ரேகை கறுப்பாக அதில் பதிந்தது. இன்னும் இருக்கிறது.

"போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போம்மா," என்றார் அவர். சொல்லவில்லை. ஆயாம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "இவன் ஏன் மிஸ்ஸு வண்டியில கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகளையும் அட்டைப்பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு பழனிக்கு வந்துவிட்டோம். அன்றைக்கு ராத்திரி மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். மகள் அப்பாவுக்கு நல்ல தட்டை எடுத்து வைக்கவில்லை. கையில் கிடைத்த தட்டைக் கொடுத்தாள். அதைப் பார்த்துவிட்டு நான் அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

திங்கட்கிழமை புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். போனில் பேசிய ஆபீஸ்காரர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

"ஒரிஜினல் எல்லாம் குடுத்துருங்க மேடம். வெரிஃபை பண்ணிட்டுத் தர்றோமுங்க."

"இப்பவே பாத்துட்டுக் குடுத்துருங்க. நான் நிக்கிறேன்."

"அப்படி இல்லீங்க மேடம். இங்க எல்லாரும் குடுத்துருக்காங்க." அவர் கை நீட்டிய இடத்தில் பச்சை பெயிண்ட் அடித்த பீரோ ஒன்று இருந்தது. முடியாது என்று சொல்லி எழுந்து வந்திருக்கலாம். வந்தால் எங்கே போவது? வீட்டு அட்வான்ஸ், மகள் அட்மிஷன், எல்லாவற்றுக்கும் வீட்டுக்காரர் சம்பளம் மட்டும். கவரைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கும்போது கறுப்பு ரேகையைப் பார்த்துவிட்டு, "இது என்னங்க?" என்றார்.

"இங்க்."

அவர் பீரோவைத் திறந்து உள்ளே வைத்துப் பூட்டினார். அந்த பீரோவுக்குப் பக்கத்தில் பெரிய சுவர் ஒன்று. புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, ஒரு காலண்டர் கூட இல்லாமல் இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"டிராயிங் மிஸ்தானுங்களே நீங்க. இந்தச் சுவத்துல ஏதாச்சும் வரைவீங்களாங்க? எங்க சார் ரொம்ப நாளாச் சொல்லிட்டிருக்காருங்க."

"எனக்குச் சுவத்துல வரையத் தெரியாதுங்க," என்றேன். "நோட்டுல மட்டுந்தான். மாம்பழம், புறா, இந்த மாதிரி."